திறக்க முடியாத சலவை இயந்திரம்: யாராவது பேரிங் மாற்றியிருக்கிறீர்களா?

#1 கடலோரத்தான் (உப்புவெளி, திருகோணமலை)

முன்பக்கக் கதவுள்ள எட்டுக் கிலோ சலவை இயந்திரம். வாங்கி நான்கு வருடம். சில வாரங்களாகத் துணி பிழியும் கட்டத்தில் அது போடுகிற சத்தத்துக்கு அடுத்த வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். சேவைப் பிரிவிலிருந்து வந்த தம்பி கதவைத் திறந்து டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். பேரிங் முடிந்துவிட்டது என்றார். மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்ற முடியாதாம்.

காரணத்தையும் அவரே சொன்னார். டிரம்மைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டி முன் பாதி, பின் பாதி என்று இரண்டு துண்டு. முந்திய மாதிரிகளில் இரண்டையும் திருகாணிகள் சேர்த்துப் பிடித்திருந்தன. இதில் விளிம்பை உருக்கி ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். பேரிங் இருப்பது பின் பாதிக்குள். ஆகவே தொட்டி, டிரம், பேரிங், தண்ணீரைத் தடுக்கும் சீல் எல்லாம் ஒரே பொதியாகக் கொழும்பிலிருந்து வரவேண்டும். 86,000 ரூபா, கூலியும் ஏற்றுகூலியும் வேறு. அதே அளவில் புதிய இயந்திரம் கடையில் 165,000.

பேரிங் தேய்ந்ததற்கு நான் கோபிக்கவில்லை. சுழல்கிற எதுவும் தேயும். மோட்டார் சைக்கிளில் தேய்ந்தால் எண்ணைச் சொல்லி வாங்கி, மாலைக்குள் மாற்றி ஓடித் திரிகிறோம். இங்கே, தேயப்போகிறது என்று தெரிந்தே ஒரு பாகத்தை உள்ளே வைத்து வாசலையும் அடைத்திருக்கிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

ஒட்டிய தொட்டியைத் திறந்து பேரிங் மாற்றியவர்கள் யாராவது இங்கே உண்டா? புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், திறக்கக்கூடிய மாதிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் கேட்டால் நிறத்தையும் மாதத் தவணையையும் சொல்கிறார்கள்.

#2 மட்டுறுத்துநர்

முதற்பதிவிலிருந்த நிறுவனத்தின் பெயரையும் கிளையின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். பொருளைப் பற்றி எவ்வளவும் திட்டலாம். பெயர் போட்டு வழக்கு வாங்கித்தர வேண்டாம்.

#3 ரீச்சர் வீடு (திருஞானசம்பந்தர் வீதி)

எங்கள் வீட்டில் அம்மாவின் கால்மிதித் தையல் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்ட பெயர். எங்கள் தெருவில் மகளுக்குச் சீதனம் என்றால் அதுவும் ஒன்றாக இருந்த காலம் உண்டு. அந்த இயந்திரத்துடன் வந்த கையேட்டை நான் இப்போதும் வைத்திருக்கிறேன். எண்ணெய் விடவேண்டிய ஒவ்வொரு துளைக்கும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பல்லுத் தட்டை எப்படிக் கழற்றுவது, பஞ்சு அடைத்தால் எப்படித் துடைப்பது, வார் தளர்ந்தால் எவ்வளவு வெட்டிக் குறைப்பது, எல்லாம் படத்துடன். வாங்குகிறவர் கை வைப்பார், வைக்கவேண்டும் என்று செய்தவரே எதிர்பார்த்திருக்கிறார்.

போன மாதம் மகன் வாங்கி அனுப்பிய பிளெண்டரின் கையேட்டைத் திறந்தேன். திறக்காதீர்கள், கழற்றாதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கு மட்டும் கொண்டு செல்லுங்கள். அந்த அங்கீகரிக்கப்பட்ட நிலையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கொழும்பில். ஒரு பிளெண்டரை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறவா?

குளிர்சாதனப் பெட்டியின் கதையும் அதுதான். 1979இல் அப்பா வாங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்தான் இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். முதுகுப்பக்கத்தில் கறுப்புக் கம்பி வலை, அடியில் ஒரு கனத்த கொம்பிரசர். எங்கே என்ன இருக்கிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு வாங்கியவை எல்லாம் வந்தன, போயின. ஒவ்வொன்றுக்கும் முந்தியதைவிட அழகான கதவு இருந்தது என்பதை மறுக்கவில்லை.

#4 அலகுக் கணக்கன் (அனுராதபுரச் சந்தி)

ரீச்சர் கோபிக்கக் கூடாது. நான் எதிர்க்கட்சி.

முதலாவது, 1979இல் வாங்கிய எத்தனை பெட்டிகள் 1985க்கு முன் பழுதாகிப் பழைய இரும்புக்குப் போயின என்று நாம் பார்க்கவில்லை. மிஞ்சியிருப்பது மட்டும் கண்ணில் படுகிறது. மிஞ்சியதை வைத்து அந்தக் காலமே உறுதியானது என்று சொல்வது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டி, பிரித்தானியர் கட்டியது ஒன்றும் இடியாது என்பதற்குச் சமம். இடிந்தவற்றை யார் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது, விலை. அந்தப் பெட்டி உங்கள் அப்பாவின் எத்தனை மாதச் சம்பளம் என்று நினைவிருக்கிறதா? அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் குளிர்சாதனப் பெட்டி. ஐஸ் கேட்டு அங்கே கிண்ணத்துடன் போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கு மீன்பிடிக்கப் போகிறவர் வீட்டிலும் இருக்கிறது. அந்த விலையைக் கீழே இறக்கியபோது எதையோ குறைத்துத்தான் இறக்கினார்கள். அதை நாமும் விரும்பி வாங்கினோம்.

மூன்றாவது, மின்சாரம். அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியில் ஒரு சராசரிக் குளிர்சாதனப் பெட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 1,800 அலகு இழுத்தது. இன்று அதைவிடப் பெரிய பெட்டி 500க்கும் குறைவாக இழுக்கிறது. இலங்கையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். பின்னர் குறைத்தார்கள் என்றாலும் அலகு கூடக்கூட விலையும் கூடுகிற படிமுறை அப்படியே இருக்கிறது. பழைய பெட்டி ஒன்று உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டால், அதன் நீண்ட ஆயுளுக்கு நீங்கள் மாதந்தோறும் வாடகை கட்டுகிறீர்கள்.

#5 ரீச்சர் வீடு

விலையைப் பற்றிச் சொன்னது சரி. அப்பாவின் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம். அம்மா அதற்காக வருடக்கணக்கில் அவரைக் குறை சொன்னார்.

ஆனால் தம்பி, மிஞ்சியவை மட்டும் கண்ணில் படுகின்றன என்ற உங்கள் கணக்கு வேறு ஊருக்குப் பொருந்தலாம். இந்த ஊரில் வீட்டுப் பொருள்கள் பழுதாகியா போயின? 1990இல் போரின்போது நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பூட்டும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் பெட்டி அப்பாவின் நண்பர் வீட்டில் இருந்ததால் தப்பியது. கரையோரத்து வீடுகளில் மிஞ்சியிருந்ததை 2004இல் கடல் கொண்டுபோனது. ஓடிக்கொண்டிருந்த பொருள்கள்தான் போயின. ஆகவே பழையவை குறைவாக இருப்பதை வைத்து அவை உறுதியற்றவை என்று இங்கே முடிவு கட்ட முடியாது. உங்கள் கணக்கில் எங்கள் ஊருக்கு ஒரு நிரல் குறைகிறது.

#6 அலகுக் கணக்கன்

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ரீச்சர். மின்கட்டணத்தைப் பற்றிச் சொன்னதில் மட்டும் பின்வாங்க மாட்டேன்.

#7 முறுக்குச்சாவி (என்.சி. வீதி)

பழுதுபார்க்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நான் வேலை பழகிய கடையின் வாசல்வரை மோட்டர்கள் குவிந்து கிடந்தன. நீர்ப்பம்பி, விசிறி, தையல் மோட்டர், மாவரைக்கும் இயந்திரம், எல்லாம் உப்புச் சேற்றில் ஊறி வந்தவை. முதலாளி ஒன்றையும் வீச விடவில்லை. முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகும்வரை கழுவினோம். பிரித்து வெயிலில் காயவைத்தோம். வைண்டிங் என்ற கம்பிச் சுருளைச் சூடேற்றி உள் ஈரத்தை வெளியேற்றி, வார்னிஷ் விட்டு, பேரிங் மாற்றிப் பூட்டினோம். கணிசமானவை திரும்ப ஓடின. செம்புக் கம்பி, இரும்புத் தகடு, நான்கு போல்ட். எதைப் பிரிக்கவும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

இன்றைய இன்வெர்ட்டர் இயந்திரம் அப்படி நனைந்து வந்தால் மோட்டரை ஒருவேளை காப்பாற்றுவேன். அதை ஓட்டுகிற மின்சுற்றுப் பலகையைக் காப்பாற்ற முடியாது. பலகை இல்லாமல் அந்த மோட்டரை நேரே மின்சாரத்தில் போட்டு ஓட்டவும் முடியாது. பலகையின் விலையைக் கேட்டால் வாடிக்கையாளர் என்னைத்தான் கள்ளன் என்று பார்க்கிறார்.

ஆனால் எல்லாப் பழியையும் செய்தவர்மேல் போட மாட்டேன். என் மேசைக்கு வருகிற பலகைகளில் பாதிக்குக் காரணம் நம்முடைய காற்று. உப்பு ஈரம் படிந்து தடங்கள் பச்சை பிடித்து அறுந்திருக்கும். அடுத்தது பல்லி. சூட்டுக்காக உள்ளே போய்ப் படுத்து இரண்டு முனைகளைத் தொட்டுத் தானும் செத்துப் பலகையையும் கொன்றிருக்கும். பிறகு மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது வெட்டு நேரத்தில் எதுவும் பழுதாகவில்லை. மின்சாரம் திரும்பி வந்த கணத்தில்தான் பழுதானது.

இன்னொன்று. பலகை முழுவதும் ரெசின் ஊற்றி மூடியிருந்தால் பழுதுபார்க்க முடியாமல் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கும் அது தலைவலிதான். ஆனால் கடற்கரை வீட்டில் ரெசின் ஊற்றிய பலகை ஊற்றாததைவிட நீண்ட நாள் இருப்பதை நான் பார்க்கிறேன். நான் திட்டுவது வேறு ஒன்றை. மின்தேக்கிகளைக் கொண்டுபோய் சூடாகிற பாகத்துக்கு ஒட்டினாற்போல் வைப்பது. அந்த உருளை மின்தேக்கியின் உள்ளே இருப்பது திரவம். பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தால் சில வருடம் கூட ஓடியிருக்கும். தள்ளி வைக்க ஒரு சதமும் செலவில்லை. மலிவு எல்இடி குமிழ் சீக்கிரம் போவதும் இதனால்தான்: விளக்கு போகாது, அடியில் இருக்கிற சில்லறைப் பாகம் வெந்து போகும். அல்லது தொடராக இணைத்த சிறு விளக்குகளில் ஒன்று போனதும் எல்லாம் அணைந்துவிடும்.

கடலோரத்தான், உங்கள் தொட்டியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கடையில் ஆள் நிற்கிறது.

#8 கிண்ணியாக்காரன்

வாப்பா சவூதியில் பதினொரு வருடம் இருந்தார். வரும்போதெல்லாம் ஒரு பெட்டிச் சாமான். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது; அதற்கு முன் எல்லாம் பாதையில், அதாவது ஆட்களையும் சாமானையும் ஏற்றும் மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்கு வரும். ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியைப் பாதையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்ததில் வாப்பாவுக்கு அன்றைக்கு ஊரில் தனி மரியாதை.

அங்கே அப்போது வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டிரான்ஸ்போமர், காலில் விழுந்தால் எலும்பு உடையும் கனம். டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுழலும், கூடச் சூடாகும். இவ்வளவு அநியாயத்தையும் தாங்கிக்கொண்டு அந்த மேசை விசிறி நான் பெருநாளுக்குச் சைக்கிள் கேட்ட வயதிலிருந்து என் மகன் பிறக்கும்வரை ஓடியது.

இப்போது சரியான வோல்ட்டுக்கென்றே செய்த விசிறி வாங்கினேன். இரண்டாவது வெயில் காலத்தில் நின்றுவிட்டது. முறுக்குச்சாவி நானா, இதற்கு என்ன விளக்கம்?

#9 முறுக்குச்சாவி

செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி, அதுவும் தேவையானதில் மெல்லியது. கடையில் இரண்டு விசிறிகளைத் தூக்கிப் பாருங்கள். தலை கனமானதை எடுங்கள். உங்களுடையதில் பெரும்பாலும் வைண்டிங்குக்குள் புதைத்திருக்கும் வெப்ப உருகி போயிருக்கும். அச்சைத் தாங்கும் புஷ் காய்ந்து அச்சு இறுகினால் மோட்டர் சூடாகி உருகி அறும். உருகி சிறு காசு. ஆனால் அது நூலால் கட்டி வார்னிஷுக்குள் கிடப்பதால் மாற்றத் தெரியாதவர் மோட்டரே போய்விட்டது என்பார். உருகியை நேரே இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்தமுறை வீடு பற்றும். ரைஸ் குக்கருக்கும் இதே எச்சரிக்கை.

புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டுப் பிசின் பிடித்து வருகிற விசிறிகளைத் துடைத்தே எனக்கு வயது போகிறது.

#10 வெள்ளைமணல்

நான் மின்சாதனக் காட்சியறை ஒன்றில் விற்பனையில் இருக்கிறேன். எதுவென்று எழுதமாட்டேன், மட்டுறுத்துநருக்கு வேலை மிச்சம்.

நீங்கள் எல்லோரும் கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் கேட்கிற முதற்கேள்வி 'மாதம் எவ்வளவு'. இரண்டாவது 'கறுப்பு நிறத்தில் உண்டா'. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து 'இதன் பேரிங்கைத் தனியாக மாற்றலாமா' என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது என்பது வேறு விடயம். எங்களுக்குத் தருகிற பயிற்சியில் எத்தனை வகைக் கழுவல், கையடக்கத் தொலைபேசியில் எப்படி இயக்குவது என்பதெல்லாம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது இருக்காது.

உத்தரவாதத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதை நன்றாகப் படியுங்கள். சுவரொட்டியில் பத்து வருடம் என்று பெரிதாக இருக்கும். அது மோட்டருக்கு அல்லது கொம்பிரசருக்கு மட்டும். மோட்டர்தான் கடைசியாகப் பழுதாகிற பாகம். பலகைக்கும் மற்றவற்றுக்கும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. கொம்பிரசரை இலவசமாகத் தந்தாலும் வாயு நிரப்புவதற்கும் கூலிக்கும் ஏற்றியிறக்குவதற்கும் நீங்களே கட்டவேண்டும். கரையோரத்தில் துருப்பிடித்தால் உத்தரவாதம் இல்லை என்று சிறிய எழுத்தில் சில அட்டைகளில் இருக்கிறது. திருகோணமலையில் கரையோரம் இல்லாத வீடு எது?

மாதிரி இலக்கமும் வருடத்துக்கு வருடம் மாறும். கடைசி எழுத்து ஒன்று மாறும், வெளியில் பார்த்தால் அதே பெட்டிதான். உள்ளே பலகை வேறு, கதவு ரப்பர் வேறு. நான்கு வருடம் கழித்து நீங்கள் ரப்பர் கேட்டு வந்தால் எங்கள் கணினியில் அந்த இலக்கமே வராது. என்னைப் பார்த்துக் கத்துவீர்கள். நான் அந்த ரப்பரைச் செய்யவில்லை, ஐயா.

#11 கடலோரத்தான்

வெள்ளைமணல் தங்கச்சி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்கத் தெரியாதவனுக்கும் சேர்த்துத்தானே சட்டம் இருக்கவேண்டும்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறதே, 1977 என்ற தொலைபேசி இலக்கம்கூட உண்டு. அவர்கள் உதிரிப்பாகத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்களா?

#12 அலகுக் கணக்கன்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை அது. உத்தரவாதக் காலத்துக்குள் கடை ஏமாற்றினால் எழுத்தில் முறையிடுங்கள். பற்றுச்சீட்டும் அட்டையும் கையில் இருந்தால் பலன் உண்டு. உத்தரவாதம் முடிந்த நான்கு வருட இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றி முறையிட்டால் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது. சலவை இயந்திரத்தின் குறிப்பிட்ட உதிரிப்பாகங்கள், அந்த மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 வருடம் கிடைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு 7 வருடம், அதன் கதவு ரப்பருக்கு 10. கேட்டால் 15 வேலைநாளுக்குள் அனுப்பவேண்டும். கடலோரத்தான் இப்போது சிரிக்கலாம் அல்லது அழலாம்: அந்தப் பட்டியலில் டிரம், அதன் தாங்கி, பேரிங் மூன்றும் இருக்கின்றன. ஆனால் 'தனித்தனியாகவோ சேர்த்தோ' விற்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குச் சொன்ன 86,000 ரூபாப் பொதி அங்கேயும் சட்டப்படி சரிதான். ஆக, சட்டம் வந்தாலும் ஒரு சொல்லில் நழுவிவிடும்.

சாதனங்கள் இப்போது சீக்கிரம் போகின்றன என்பது வெறும் உணர்வு மட்டுமில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஜேர்மனியில் அரசின் சுற்றாடல் முகவரகத்துக்காக ஓர் ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. பழுதால் ஐந்து வருடத்துக்குள் மாற்றப்பட்ட பெரிய வீட்டுச் சாதனங்களின் பங்கு 2004இல் 3.5 சதவீதம், 2012இல் 8.3 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதே ஆய்வில், ஓடிக்கொண்டிருந்த சாதனத்தையே புதியது வேண்டுமென்று மாற்றியவர்களும் நிறைய இருந்தார்கள். அதை யாரும் இங்கே எடுத்துப் போடுவதில்லை.

#13 தம்பலகாமத்தான்

இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்வது. 1924இல் ஜெனீவாவில் குமிழ் கம்பனிகள் கூடி ஆயிரம் மணி நேரத்துக்குமேல் எரியக் கூடாது என்று முடிவெடுத்தார்களே. கூட எரிந்தால் தண்டம். அன்றைக்கே தொடங்கிவிட்டது.

#14 அலகுக் கணக்கன்

அந்தக் கம்பனிகளின் கூட்டுக்கு ஃபீபஸ் என்று பெயர். நடந்தது உண்மை, தண்டம் அறவிட்டதும் உண்மை. ஆனால் இழைக் குமிழில் ஆயுளைக் கூட்டினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும்; அதையும் 1951இல் பிரித்தானிய ஆணைக்குழு ஒன்று பதிவு செய்திருக்கிறது. சதி என்றால் அதிலே பாதி. மறுபக்க உதாரணம் வேண்டுமா? டுபாய் நகராட்சி கேட்டதற்காக பிலிப்ஸ் 2016இல் ஒரு எல்இடி குமிழ் செய்தது. உள்ளே கூடுதல் விளக்குகளைப் போட்டு ஒவ்வொன்றையும் மெதுவாக எரியவிட்டார்கள். சூடு குறைந்தது, ஆயுள் கூடியது. செய்யத் தெரியாமலில்லை. பலமுள்ள ஒருவர் கேட்டார், செய்து கொடுத்தார்கள். நாம் அந்தப் பலமுள்ள ஆள் இல்லை.

#15 சாம்பல்தீவு இளையவன்

அண்ணா, தொட்டியை வாளால் அறுத்துத் திறக்கலாம். இணையத்தில் காணொளி நிறைய இருக்கிறது. எங்கள் மாமா செய்தார். சிலிக்கன் பூசி ஒட்டினார். முதல் கழுவலிலேயே குசினி முழுக்க வெள்ளம். ஆனால் பேரிங் சத்தம் நின்றுவிட்டது.

#16 முறுக்குச்சாவி

மாமா வேலையின் வரிசையைத் தவறவிட்டிருக்கிறார். கடலோரத்தான், செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். செய்யாவிட்டாலும் எனக்கு நட்டமில்லை.

பிளக்கைக் கழற்றுங்கள். தொட்டியை வெளியே எடுக்கும்முன் எடைக்கட்டிகளைக் கழற்றுங்கள். அவை கொங்கிரீட், கால் கவனம். தொட்டியின் ஒட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் திருகாணிக்கென்று வார்த்த குமிழ்கள் துளையில்லாமல் அப்படியே இருக்கும். பழைய அச்சிலேயே வார்த்து, திருகாணியை மட்டும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் குமிழ்களில் அறுப்பதற்கு முன்னமே துளை போடுங்கள். அறுத்தபின் துளைத்தால் இரண்டு பாதியும் நேராகச் சேராது. மாமாவின் குசினியில் வெள்ளம் வந்தது பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு ஒட்டுக் கோட்டின்மேலேயே மெல்லிய இரும்பு அறுக்கும் வாளால் பொறுமையாக அறுக்கவேண்டும். கிரைண்டர் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிக் கோடு கெடும். திறந்ததும் பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். 6205, 6206 போன்ற சாதாரண எண்கள்தான் வரும், மோட்டார் சைக்கிள் கடையிலும் கேட்கலாம். இரண்டையும் மாற்றுங்கள். சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் வேலை வீண். சீல் கசிந்து தண்ணீர் போனதால்தான் பேரிங் துருப்பிடித்தது. பூட்டும்போது வெப்பம் தாங்கும் சிலிக்கன், துருப்பிடிக்காத எஃகு போல்ட். முலாம் பூசிய போல்ட் நம் ஊரில் ஆறு மாதம்.

திறந்ததும், பேரிங் வாங்குவதற்கு முன் ஒன்று. டிரம்மின் பின்னால் மூன்று கையுள்ள ஒரு தாங்கி இருக்கும், அலுமினிய வார்ப்பு. கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் சேர்ந்து அதை அரிக்கும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் வேலையை அத்துடன் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் அது உடைந்தால் டிரம் தொட்டியைக் கிழித்துக்கொண்டு வரும்.

#17 கடலோரத்தான்

திறந்தோம். துளை போட்டுப் பிறகு அறுத்தது; தொட்டி அழகாகப் பிரிந்தது. பேரிங் எண் நீங்கள் சொன்ன இரண்டும்தான், சீலுடன் சேர்த்து 4,200 ரூபா. ஆனால் தாங்கியின் ஒரு கையில் திருப்புளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தாங்கி தனியாக விற்பதில்லை. மகள் இணையத்தில் தேடியதில் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் இருந்தது. அனுப்புகூலி தாங்கியின் விலையைவிடக் கூட.

ஆகவே இரட்டைத் தொட்டி அரைத் தானியங்கி இயந்திரம் வாங்கிவிட்டோம். கையால் துணியைத் தூக்கிப் பிழிகிற பக்கத்துக்குப் போடவேண்டும் என்று வீட்டில் முறுமுறுப்பு இருக்கிறது. கடையிலேயே பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஒரு மோட்டர், ஒரு வார், ஒரு மின்தேக்கி, முறுக்கிவிடும் நேரக்கருவி. விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

#18 வெள்ளைமணல்

அந்தப் பையனை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். மூடியைக் கழற்றச் சொன்ன ஐயா ஒருவரைப் பற்றி மதியச் சாப்பாட்டில் கதைத்தான்.

#19 கிண்ணியாக்காரன்

பழைய இயந்திரத்தின் மோட்டர் என்ன ஆனது? வீசவேண்டாம், நான் எடுக்கிறேன்.

#20 முறுக்குச்சாவி

பிந்திவிட்டீர்கள், தம்பி. என் கடையில் இருக்கிறது. பழைய இரும்புக்காரன் வந்தால் வயரைக் கடற்கரையில் கொளுத்திச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போவான். அதனால் வாங்கி வைத்தேன். பலகையும் கதவுப் பூட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. அதே மாதிரி வைத்திருப்பவர் யாராவது கட்டாயம் வருவார்.

#21 ரீச்சர் வீடு

இங்கே பேச்சு சலவை இயந்திரத்தைப் பற்றியது, ஆனாலும் கேட்கிறேன். புதிய குளிர்சாதனப் பெட்டி குளிர்வது குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தவர் வாயு போய்விட்டது, எந்த வாயுவும் நிரப்பலாம் என்றார். முதுகில் அந்தக் கறுப்பு வலையும் இல்லை. பக்கச் சுவர்கள்தான் சூடாகின்றன. நிரப்பச் சொல்லவா?

#22 முறுக்குச்சாவி

வேண்டாம், ரீச்சர். எந்த வாயுவும் நிரப்பலாம் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். கொம்பிரசரின் ஒட்டுத்தாளில் ஆர் 600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரிகிற வாயு. வீட்டுப் பெட்டியில் 150 கிராமுக்கு மேல் விடமாட்டார்கள். பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. அதற்கென்று செய்த கொம்பிரசரில் பழைய பெட்டிகளுக்குரிய ஆர் 134ஏ வாயுவை நிரப்பினால் ஓடாது. எரிவாயு இருக்கிற குழாயில் சுடர் பிடித்து ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வாயு தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. கசிவு வெளிக்குழாயில் இருந்தால் நான் பார்க்கலாம். பக்கச் சுவரின் நுரைக்குள் புதைத்த குழாயில் இருந்தால் சுவரைப் பிளக்காமல் எட்ட முடியாது. அப்போது முதுகில் வெளியே ஒரு வலையைப் பூட்டி அந்தக் குழாயைத் துண்டித்துவிடலாம். பார்க்க அழகாக இருக்காது. 1979ஆம் ஆண்டுப் பெட்டி மாதிரி இருக்கும், உங்களுக்குப் பிடிக்கும்.

திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், ஞாயிறு பூட்டு. பெட்டியைப் படுக்கவைக்காமல் நிறுத்தி ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு முதல் ஐஸைக் கரையவிட்டு எடுங்கள், கத்தியால் குத்தாதீர்கள். யாராவது ஏற்கெனவே குத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், துளையைத் தேடுகிற நேரம் மிச்சமாகும்.

#23 ரீச்சர் வீடு

குத்தியது மருமகன். கொண்டு வருகிறோம்.